செவ்வாய்க்கிழமை உருகிய கொழுக்கட்டைகள்

எழுதி வைக்கிற பழக்கம் உள்ளவன் பொய் சொல்லக் கூடாது. பொய் சொல்கிறவன் எதையும் எழுதி வைக்கக் கூடாது. இரண்டையும் ஒரே கொழுக்கட்டைப் பொதிக்குள் போட்டு மூடியவன் நான். அந்தப் பொதி எங்கே, யாருடைய தலைமேல் அவிழ்ந்தது என்பதைச் சொல்ல இத்தனை வருடம் வெட்கம் விடவில்லை. இப்போது வெட்கப்படுகிற வயதும் போய்விட்டது.

பதினான்கு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். காலி வீதியில் எந்தத் திங்கட்கிழமை எந்த பஸ் எத்தனை நிமிடம் பிந்தியது என்று கேட்டால் புரட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவேன். (இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.) வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி அறையொன்றில் தனியாக இருந்த காலத்தில் இந்த வியாதி குளிர்சாதனப் பெட்டிக்கும் பரவியது. தயிர்ச் சட்டியில் திறந்த நாள், சம்பலில் அரைத்த நேரம், பாதித் தேசிக்காயில் மற்றப் பாதி எதற்குப் போனது என்ற குறிப்பு என்று எல்லாவற்றிலும் ஒரு காகிதத் துண்டு இருக்கும். தண்ணீர் குடிக்க அதைத் திறந்த நண்பன் ஒருவன், "மச்சான், இது ப்ரிட்ஜா, கவண்மேந்துக் கச்சேரியின்ர பைல் ரூமா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்காமலே மூடிவிட்டான்.

பதினொரு வருடங்களுக்கு முன் என் அக்காவுக்கு மகள் பிறந்தாள். அக்கா திருமணம் செய்திருந்தது கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில். பெரிய வீடு, பெரிய குடும்பம். ஒரு தும்மலுக்கு ஐந்து பேர் "ஆண்டவரே" என்பார்கள். எங்கள் பக்கம் அப்படியில்லை. அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டிருந்தார்கள். ஆகவே அக்காவின் பிறந்த வீடு என்று அப்போது உலகத்தில் எஞ்சியிருந்தவை ஓர் அறை, ஒரு குளிர்சாதனப் பெட்டி, நான்.

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குழந்தைக்கு முதல் பல் முளைத்ததும் கொழுக்கட்டை அவித்து, குழந்தையின் தலையில் வெள்ளைத் துணியைப் போட்டு, அதன்மேல் மெல்லக் கொட்டுவார்கள். கொழுக்கட்டையின் விளிம்பில் தேங்காய்ச் சொட்டைச் சின்னதாக வெட்டிப் பல்லுப் போலக் குத்தியிருப்பார்கள். பல் வரிசையாக, நோகாமல் முளைக்கட்டும் என்பதுதான் வேண்டுதல். அக்காவின் புகுந்த வீட்டில் ஒருவரும் இதைக் கண்டதில்லை.

குழந்தைக்கு ஐந்து மாதம் இருக்கும்போதே அக்கா தொலைபேசியில் ஆரம்பித்தாள்.

"தம்பி, மாமி தானே கொழுக்கட்டை செய்து தாறன் எண்டவ. நான் வேண்டாம் எண்டிட்டன். எங்கட பக்கத்தால செய்வினம் எண்டு சொல்லிப்போட்டன்."

"எங்கட பக்கம் எண்டா ஆர்?"

"நீதான்ரா."

"எனக்குக் கொழுக்கட்டை செய்யத் தெரியாது அக்கா."

"தெரியாட்டிப் படி. எல்லாத்தையும் படிக்கிறாய்தானே. இஞ்ச முப்பது பேர் வருகினம். இவளுக்கு ஒரு வீடு இருக்கு, ஆக்கள் இருக்கினம் எண்டு அவை பாக்கோணும். அவ்வளவுதான்."

கடைசி இரண்டு வசனங்களை அவள் மெதுவாகச் சொன்னாள். அதற்குப் பிறகு நான் மறுப்பதற்கு என்ன இருக்கிறது?

படித்தேன். பச்சரிசி மாவு, அவித்த பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரை எல்லாம் படித்தேன். ஆனால் பல் என்பது சொல்லிக்கொண்டு வருகிற விருந்தாளி அல்ல. அது முளைத்த பிறகு மாவு வறுக்கத் தொடங்கினால், அலுவலகமும் பார்த்துக்கொண்டு நான் நூற்றைம்பது கொழுக்கட்டை அவித்து முடிப்பதற்குள் குழந்தைக்குக் கடைவாய்ப் பல்லும் வந்துவிடும். முன்கூட்டியே செய்து உறைய வைத்தால் என்ன? அதையும் படித்தேன். நன்றாக ஆறவிட வேண்டும். ஒன்றோடொன்று முட்டாமல் தட்டில் பரப்பி உறைய வைத்து, கல்லான பிறகே பையில் போட வேண்டும். காற்றை வெளியேற்ற வேண்டும். திகதி எழுத வேண்டும். எடுக்கும்போது உருகவிடாமல் நேரே ஆவியில் வைக்க வேண்டும். உருகினதைத் திரும்ப உறைய வைக்கவே கூடாது. நான் படித்ததில் ஒரு குறையும் இல்லை.

இரண்டு மாலைகளில் நூற்று ஐம்பத்தாறு கொழுக்கட்டை அவித்தேன். முதல் இருபது கொழுக்கட்டை போலவே இல்லை; அடுத்த இருபதில் காது முளைத்திருந்தது; அதற்குப் பிறகு கை பழகிவிட்டது. தேங்காய்ப் பற்களை வரிசையாகக் குத்தியபோது என்னை ஒரு பல் வைத்தியராகவே உணர்ந்தேன். ஆனால் என் ப்ரீசர் ஒரு சப்பாத்துப் பெட்டி அளவு. அதற்குள் தட்டு நுழையாது. ஆறும்வரை காத்திருக்கவும் பொறுமையில்லை. ஆவி பறக்கப் பறக்க லஞ்ச் ஷீட்டில் சுற்றி, மூன்று பைகளில் திணித்து, கதவைத் தோளால் தள்ளி மூடினேன். விதிகளில் ஒன்றை மட்டும் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தேன். அது எதுவென்று சொல்லத் தேவையில்லை.

பைகளின் வெளியே ஒட்டிய லேபல்கள் ஈரத்தில் இரண்டு தடவை கழன்று விழுந்தன. அதனால் லேபலைப் பைக்குள்ளேயே வைத்தேன். பேனை மை ஊறும் என்று எங்கோ வாசித்திருந்தபடியால் பென்சிலால் எழுதினேன். ஒவ்வொன்றிலும் அவித்த நாள், நேரம், எண்ணிக்கை, கீழே கோடிட்டு: "ஒருமுறை உருகினால் மீண்டும் உறைய வைக்க வேண்டாம்." எழுதி முடித்ததும் அந்தக் கையெழுத்தை நானே கொஞ்ச நேரம் ரசித்தேன். (தனியாக இருக்கிறவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு?)

ஆறாவது வாரம், நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "செவ்வாய், காலை 7.10. பல்."

அக்கா மூச்சு வாங்கக் கதைத்தாள். "முரசில வெள்ளையாத் தெரியுது! பின்னேரமே செய்வம் எண்டு மாமி சொல்லுறா. கொண்டு வா!"

அலுவலகத்துக்கு லீவு சொன்னேன். மூன்று பைகளையும் மேசையில் வைத்தேன். நேரே ஆவியில் வைக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் பைக்குள் இருந்தது நூற்று ஐம்பத்தாறு கொழுக்கட்டைகள் அல்ல, மூன்று பாறைகள். கொஞ்சம் இளகட்டும் என்று விட்டேன். வெள்ளவத்தை வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அடுத்த குறிப்பு: "11.25. பல் இல்லை. சோறு."

ஈறில் ஒட்டியிருந்தது ஒரு சோற்றுப் பருக்கை. பிள்ளை கொட்டாவி விட்டபோது அதுவே விழுந்துவிட்டதாம்.

நான் மேசையைத் திரும்பிப் பார்த்தேன். பாறைகள் நன்றாகவே இளகி, பைக்குள் இனிப்புத் தண்ணீர் கட்டியிருந்தது. நாலு மணித்தியாலம். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். கோடிட்டு எழுதியதே நான்தான். ஆனால் இரண்டு மாலை நேர உழைப்பு, எஞ்சியிருந்த ஒரே லீவு, அக்காவுக்குக் கொடுத்த வாக்கு எல்லாம் அந்தப் பைகளுக்குள் இருந்தன. குளிருக்குள் போனால் காலம் நின்றுவிடும் என்று ஒரு தத்துவம் சொல்லிக்கொண்டு, மூன்றையும் திரும்ப உள்ளே வைத்தேன்.

அத்தோடு விட்டிருந்தால் நான் ஒரு சாதாரணக் குற்றவாளி. ஆனால் ஒரு சம்பவம் நடந்து அதை எழுதாமல் விட என் கைக்குத் தெரியாது. பைகளைத் திறந்து, லேபல்களைத் திருப்பி, ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் எழுதினேன்: "செவ்வாய் உருகியது. 7.10 முதல் 11.25 வரை மேசையில். திரும்ப வைத்தேன்." கீழே கையெழுத்தும் போட்டேன்.

உண்மையான பல் ஒன்பது நாள் கழித்து வந்தது. அடுத்த சனிக்கிழமை, காலை பத்தரைக்குக் கொட்டாஞ்சேனை வீட்டில் கொட்டுவதென்று முடிவானது. மீன்காரர் ஐஸ் போட்டு வைக்கிற மாதிரியான ரெஜிபோம் பெட்டியில் பாறைகளை வைத்து முச்சக்கரவண்டியில் ஏறினேன். பெட்டியின் மூலையால் தண்ணீர் சொட்டியது. சாரதி கண்ணாடியில் பார்த்து, "மல்லி, மே மாளுத?" என்று கேட்டார். தம்பி, இது மீனா என்கிறார். மீனில்லை, கொழுக்கட்டை என்று சிங்களத்தில் விளக்க முயன்று, கடைசியில் மீன்தான் என்று ஒப்புக்கொண்டேன். அன்றைய முதலாவது பொய் அது.

இரண்டாவது பொய் வாசலிலேயே காத்திருந்தது. அக்காவின் மாமியார் பிலோமினா மாமி அந்த வட்டாரத்தில் பேர்போன சமையல்காரி. நத்தார் காலத்தில் அவருடைய ரோல்ஸுக்காகவே சொந்தங்கள் பகையை மறப்பார்கள். "காலைல எழும்பிச் சுட்டது" என்று சொல்லித்தான் தட்டை நீட்டுவார்.

"வாங்க தம்பி! தனியாவா எல்லாம் செஞ்சீங்க? எப்ப அவிச்சீங்க?"

அவருக்குப் பின்னால் அக்கா நின்றாள். புதுச் சேலை. முகத்தில் அப்படியொரு பெருமை.

"காலமை நாலு மணிக்கு எழும்பினனான் மாமி," என்றேன்.

"பாத்தீங்களா!" என்று மாமி கூடத்தைப் பார்த்துச் சொன்னார். "அவ வீட்டு ஆள் நாலு மணிக்கு எழும்பியிருக்கு!"

முப்பது தலைகள் என்னை மரியாதையோடு பார்த்தன.

சூடாக்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிப் பின்முற்றத்துக்குப் போனேன். அங்கே உடுப்புத் தோய்க்கிற கல் இருந்தது. முதலாவது பாறையை அதில் அடித்தேன். கல்லுக்கு வலித்திருக்கும், பாறைக்கு ஒன்றுமில்லை. அம்மிக் குழவியை எடுத்து இன்னும் நாலு அடி. உள்ளேயிருந்து அக்காவின் மாமனார் அந்தோனி மாமாவின் குரல் கேட்டது: "என்ன சத்தம்?" யாரோ பதில் சொன்னார்கள்: "தேங்காய் ஒடைக்கிறாங்க போல. இந்துக்கள் முறை." அடுத்த அடிக்கு உள்ளே எல்லோரும் அமைதியானார்கள். நான் குழவியால் அடிக்க, அவர்கள் பக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

உடைந்ததையெல்லாம் இடியப்ப ஸ்டீமரில் அடுக்கினேன். பாதி வாய் பிளந்து பயறு கக்கியது. பற்களில் முக்கால்வாசி கழன்றுவிட்டது. ஒரு பையின் லேபலை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். இரண்டாவதையும் வைத்தேன். மூன்றாவதை அவசரத்தில் மறந்துபோனேன். வெள்ளைக் காகிதம், வெள்ளைக் கொழுக்கட்டை. ஆவியில் அது இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

பத்தரை மணி. அக்கா பாயில் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். குழந்தையின் தலையில் வெள்ளைத் துணி. நான் சில்வர்ச் சட்டியைத் தூக்கி, தாய்மாமனுக்குரிய கம்பீரத்தோடு சரித்தேன். கொழுக்கட்டைகள் மெத்தென்று துணியில் உருண்டன. பிள்ளை சிரித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரேயொரு கொழுக்கட்டை மட்டும் துணியைத் தொடாமல் நேரே தரையில் விழுந்து, "டக்" என்று சத்தமிட்டு, மாபிளில் உருண்டு போய் அத்தானின் காலடியில் நின்றது. அத்தான் அதைக் கால் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார். நல்ல மனிதர், அதை மெல்ல நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டார்.

அப்போதுதான் மாமி குழந்தையின் நெற்றிப் பக்கம் குனிந்தார்.

"இது என்ன தம்பி? துணியில ஏதோ ஒட்டியிருக்கே. எழுதியிருக்கு?"

லேபல். என் கையெழுத்து. பென்சில் ஓர் எழுத்துக்கூட அழியவில்லை.

"கண்ணாடிய எங்கயோ வச்சிட்டேன். மந்திரமா தம்பி?"

மூன்றாவது பொய் தானாக வாயில் வந்து நின்றது. "ஓம் மாமி. ஒரு வேண்டுதல்."

"அப்ப வாசிங்க. எல்லாரும் கேக்கட்டும்."

கூடம் எழுந்து நின்றது. இரண்டு பேர் சிலுவை அடையாளம் போட்டார்கள். நான் லேபலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பல் வரிசையாக வளர்க, நோகாமல் வளர்க, நூறாண்டு வளர்க" என்று வாசித்தேன். நூறாண்டு பல் எப்படி வளரும் என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

"பின்பக்கமும் ஏதோ இருக்கே," என்றார் மாமி.

திருப்பினேன். செவ்வாய் உருகியது. அதை வாசித்த கண்ணை உயர்த்தியபோது, அந்தோனி மாமா துணியிலிருந்து ஒரு கொழுக்கட்டையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதைக் கண்டேன். அவர் வயிற்றில் ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து மூன்று கிழமைகூட ஆகவில்லை.

பக்கத்தில் அக்கா. அவள் மடியில் சிரிக்கிற பிள்ளை. இன்னும் ஒரு வேண்டுதலைப் புனைந்து சொல்ல எனக்கு இரண்டு விநாடி போதும். அந்தக் கொழுக்கட்டை மாமாவின் வாய்க்குப் போகவும் அதே இரண்டு விநாடிதான்.

"மாமா, சாப்பிடாதேங்கோ!"

என் குரல் அவ்வளவு பெரிதென்று எனக்கே தெரியாது. மாமா வாயைத் திறந்தபடி நின்றார். முப்பது பேரும் நின்றார்கள். நான் லேபலை முன்பக்கமும் பின்பக்கமும், கோடிட்ட வசனத்தையும், 7.10 முதல் 11.25 வரை என்பதையும், கையெழுத்து உட்பட வாசித்தேன். நாலு மணிக்கு எழும்பவில்லை என்பதையும் சொன்னேன். ஆரம்பித்த வேகத்தில், மீன் என்று சாரதிக்குச் சொன்னதையும் சொல்லிவிட்டேன். (அதை ஒருவரும் கேட்கவில்லை.)

அக்கா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. துணியிலிருந்த கொழுக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டியில் போட்டாள். ஒவ்வொன்றும் விழுகிற சத்தம் கேட்டது. அவளுக்கு ஒரு வீடு இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள் என்று காட்ட வந்தவன் நான். காட்டியாயிற்று.

மாமி குசினிக்குள் போனார். ப்ரீசர் கதவு திறக்கிற சத்தம். தாச்சியில் எண்ணெய் சீறுகிற சத்தம். பத்து நிமிடத்தில் ஒரு பெரிய தட்டு நிறைய ரோல்ஸோடு வந்தார். பொன்னிறம். ஒன்றோடொன்று ஒட்டாமல் வரிசையாக இருந்தன.

மாமா தட்டைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். "இது எப்ப செஞ்சது?"

"போன மாசம். தட்டுல பரப்பி வச்சிருந்தேன். உருகவிடாம நேரா எண்ணெயில போட்டேன்."

"அப்ப நத்தாருக்கு? காலைல எழும்பிச் சுட்டதுன்னு முப்பது வருஷமா..."

"காலைல எழும்பி *சுட்டது*தான். செஞ்சதுன்னு நான் எப்ப சொன்னேன்?" என்றார் மாமி. பிறகு கூடத்தைப் பார்த்து, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்: "இவ வீட்டு ஆள் ஒரு பொய்ய ஒரு மணித்தியாலம்கூட வச்சிருக்க முடியாம உண்மையச் சொல்லிட்டான். நான் முப்பது வருஷம் வச்சிருந்தேன். சாப்பிடுங்க."

முதலில் அத்தான்தான் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை, ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமி அக்காவின் கையிலிருந்து சட்டியை வாங்கி வைத்துவிட்டு, முதல் ரோலை அவளுக்குக் கொடுத்தார்.

போகும்போது அக்கா வாசல்வரை வந்தாள். கண் சிவந்திருந்தது, சிரித்ததாலா அழுததாலா என்று நான் கேட்கவில்லை.

"விசரா, உருகினதைத் திரும்ப வைச்சாய், சரி. அதை ஏன்ரா எழுதி வைச்சனி?"

"மறந்துபோகும் எண்டு."

அந்த லேபல் இன்றும் குழந்தையின் அல்பத்தில், ஞானஸ்நானப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்தபோது மாமி கொழுக்கட்டை அவித்து, வேடிக்கையாக, பகிடிக்கு ஒரு லேபலையும் எழுதித் தலைத்துணியில் ஒட்டினார். அதற்கடுத்த பிள்ளைக்கும் ஒட்டினார்கள். பகிடி தெரிந்தவர்கள் சிலர் வெளிநாடு போனார்கள். தெரியாதவர்கள் மருமக்களாக வந்தார்கள். போன மாதம் அத்தானின் தம்பியின் பிள்ளைக்குப் பல். அந்தப் பிள்ளையின் தாய், நீர்கொழும்பிலிருந்து வந்த புது மருமகள், ஒரு காகிதத் துண்டோடு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, லேபல் நீங்கதான் எழுதணுமாம். யாழ்ப்பாணத்துல இது இல்லாமக் கொழுக்கட்டை கொட்ட மாட்டாங்களாமே?"

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான் பொய் சொல்வதில்லை. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். மாமி என் முழங்கையைக் கிள்ளினார். அக்காவின் பதினொரு வயது மகள், அன்றைக்குத் துணிக்கு அடியில் சிரித்தவள், என் கையில் ஒரு பென்சிலை வைத்து, "பேனை வேணாம் மாமா, ஊறும்," என்றாள்.

எழுதினேன். அவித்தது: இன்று காலை. உருகியது: இல்லை.

மாமி கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டு அதை இரண்டு தரம் வாசித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் பிள்ளையின் தலைத்துணியில் ஒட்டினார்.